தடையும் வலுவும்

'மின்தடை' என்னும் சொல் இன்று தமிழில் இரு பொருள்பட வழங்கிவருகின்றது. காலையிற் செய்தித்தாளை விரிப்பவர், நாளை இன்னின்ன ஊர்களில் மின்தடை என்று வாசித்து, மாவை இன்றே அரைத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்கின்றார். பௌதிகவியல் நூலை விரிக்கும் மாணவனோ, அதே சொல்லைக் கண்டு, ஒரு கம்பி தன்னூடே பாயும் மின்னோட்டத்தை எவ்வளவுக்கு எதிர்க்கின்றது என்பதன் அளவு அது என்று கொள்கின்றான். முதற்பொருளை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பொருளைக் கற்பிப்பதே எனது தொழிலாக இருந்தது.

'வலு' என்னும் சொல்லின் கதை இதனினும் சுவையானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'திறன்' என்று கூறுவதை ஈழத்துப் பாடநூல்கள் 'வலு' என்று கூறுகின்றன. எங்கள் பேச்சிலோ அது 'மிகவும்' என்ற பொருளிலும் வரும். "அவன் வலு கெட்டிக்காரன்" என்போம். "தண்ணீர் வலு உவர்" என்போம். வகுப்பறையில் 'மின்குமிழின் வலு 60 வாற்று' என்று எழுதியவுடன், பின்வரிசை மாணவன் ஒருவன், "அப்படியென்றால் அது வலு வெளிச்சமோ, சேர்?" என்று கேட்பது வழக்கம். கேள்வி வேடிக்கையாகத் தோன்றினும் அதனுள் உண்மை இல்லாமலில்லை.

புளியங்கூடலிற் பிறந்து, தீவகத்திலும் குடாநாட்டிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தத் தடையையும் வலுவையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். இலக்கியப் பகுதியிற் கணக்குக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. நான் சொல்லப்போகும் கணக்கில் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலுமே உண்டு. ஆனால் அந்த இரண்டும் எங்கள் தீவுகளின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை.

இரண்டு அளவுகள்

மின்சுற்று ஒன்றில் நாம் நேரே அளக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, மின்னோட்டத்தைத் தள்ளுகின்ற அழுத்தம். அதனை வோல்ற்றில் அளக்கின்றோம். மற்றையது, அந்தத் தள்ளலினாற் பாய்கின்ற மின்னோட்டம். அதனை அம்பியரில் அளக்கின்றோம். இவ்விரண்டு எண்களும் கையிலிருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேறிரண்டு செய்திகள் வெளிப்படும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கின்றது. அதன் அலகு ஓம். அழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கின்றது. அதன் அலகு வாற்று.

இதனைத் தோட்டக்காரரின் மொழியிற் சொல்வது எளிது. உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியாக நீர் இறங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் உயரமே அழுத்தம். குழாயில் ஒரு நிமிடத்திற் செல்லும் நீரின் அளவே மின்னோட்டம். உயரம் ஒன்றாகவே இருக்க, ஒரு குழாயில் நிறைய நீரும் மற்றொரு குழாயிற் கொஞ்ச நீரும் வருமாயின், பின்னது ஒடுங்கிய குழாய் என்று அதன் உட்புறத்தைப் பாராமலே சொல்லிவிடலாம். வகுத்தல் செய்யும் வேலை இதுவே.

பெருக்கலுக்குத் துலாவை நினைத்துப் பார்க்கலாம். ஆழக் கிணற்றிலிருந்து ஒரு பட்டை நீர் இறைப்பதும், அதிற் பாதி ஆழமுள்ள கிணற்றிலிருந்து அதே நேரத்தில் இரண்டு பட்டை இறைப்பதும் உழைப்பில் ஒன்றே. ஆழத்தையும் நீரின் அளவையும் பெருக்கினால்தான் துலா மிதித்தவரின் களைப்புக்குக் கணக்குக் கிடைக்கும். ஆழத்தை மட்டும் சொன்னாலும் போதாது. நீரை மட்டும் சொன்னாலும் போதாது.

ஆகவே, வகுத்தல் ஒரு பொருளின் இயல்பைக் காட்டுகின்றது. பெருக்கல் அது செய்யும் செயலைக் காட்டுகின்றது. இந்த வேறுபாட்டை உணராமல், மூன்று எழுத்துகளை ஒரு முக்கோணத்துள் எழுதி, வேண்டிய எழுத்தை விரலால் மறைத்து விடையைப் பெறுகின்ற வித்தையைத்தான் எங்கள் பிள்ளைகளிற் பலர் மின்னியல் என்று எண்ணுகின்றனர். பரீட்சையிற் புள்ளி கிடைக்கின்றது. ஆனால் வீட்டில் விளக்கு மங்கும்போது அந்த முக்கோணம் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

ஒரு பள்ளி ஆசிரியரின் கண்டுபிடிப்பு

வகுத்தலைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருத்தல் நன்று. ஜோர்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முறையாகப் பள்ளி சென்றவர் அல்லர். எனினும் தாமே கற்று, தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். மகன் கொலோன் நகரத்துப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரானார். அங்கிருந்த ஆய்வுகூடத்திலேதான் அவருடைய பரிசோதனைகள் நடைபெற்றன.

அவருக்கு நேர்ந்த முதல் இடர், மின்கலத்தின் நிலையாமை. அக்காலத்து மின்கலங்கள் தொடுத்த கணத்தில் ஓர் அளவும் சிறிது நேரத்தில் வேறோர் அளவும் காட்டின. தள்ளுகின்ற கையே தளரும்போது கம்பியின் குணத்தை அறிவது எங்ஙனம்? பொக்கென்டோர்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி, ஓம் மின்கலத்தை விட்டுவிட்டு, சீபெக் கண்டுபிடித்த வெப்பமின்னிணையைக் கையாண்டார். பிசுமதும் செம்பும் சேரும் இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றையதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால், இரண்டின் வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆதலால் அழுத்தமும் மாறுவதில்லை. ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமும் கொண்ட செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, மின்னோட்டத்தினாற் காந்த ஊசி திரும்பும் அளவைப் பதிந்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் ஓர் ஒழுங்கிற் குறைவதைக் கண்டார். 1826இல் அளவீடுகள் வெளிவந்தன. 1827இல் அவற்றின் கணித விளக்கம் நூலாக வெளிவந்தது.

அந்நூலைத் தாய்நாட்டார் உடனே போற்றவில்லை. ஓம் எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. கொலோன் பதவியையும் துறந்து, பேர்லினிற் சிறு ஆசிரியப் பணிகளில் ஆண்டுகளைக் கழித்தார். 1833இல் நியூரம்பேர்க்கில் ஒரு பதவி கிடைத்தது. 1841இல் இலண்டன் றோயல் சங்கம் கொப்பிளிப் பதக்கம் வழங்கிய பின்னரே பெரும்புகழ் வந்தது. மியூனிக் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராக அவர் அமர்ந்தது 1852இல், காலமானது 1854இல். விரும்பிய ஆசனத்தில் இரண்டு ஆண்டுகளே இருந்தார்.

இதே தொடர்பை அவருக்கு முன்னரே கண்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஹென்றி கவெண்டிஷ் 1781இல் உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களூடாக மின்னைச் செலுத்தி, தம் உடலில் ஏற்படும் அதிர்ச்சியின் கடுமையைக்கொண்டே மின்னோட்டத்தை மதிப்பிட்டார். ஆனால் அதனை அவர் வெளியிடவில்லை. மக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தது 1879இல். அதற்குள் விதி ஓமின் பெயரால் வேரூன்றிவிட்டது. தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லாதவரின் அறிவு ஊருக்கு உதவுவதில்லை என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

பெருக்கலின் பக்கத்தில் உழைத்தவர் ஜேம்ஸ் யூல். சல்போர்ட் நகரத்து மதுவடிசாலை உரிமையாளரின் மகன். கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பம் ஏறுவதை வெப்பமானியால் அளந்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகின்றது என்று 1841இல் வெளியிட்டார். அந்த 'நான்மடங்கு' என்பதைச் சற்று நினைவில் வைத்திருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன். எங்கள் தீவுக்கு வருகின்ற கம்பியோடு அதற்குப் பெருந்தொடர்பு உண்டு.

இருளிற் கற்ற கணக்கு

ஒரு வாற்று வலுவின் பெறுமதியை யாழ்ப்பாணம் நன்கு கற்றது மின்சாரம் இருந்த காலத்தில் அன்று, இல்லாத காலத்தில். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. நின்றது ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்கில். தீவகத்து மக்களிற் பெரும்பாலார் 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊரைவிட்டுக் கடந்து குடாநாட்டுக்குள் ஒதுங்கினர். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சிறு போத்தலினுள் பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் முன்னே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வானொலிக்கு இடும் உலர்மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று.

அப்பொழுது கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோ. மாலையிற் செய்தி நேரம் நெருங்கியதும், வண்டியை நிலைகொம்பில் நிறுத்தி, பையன் ஒருவன் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவான். பெரியவர்கள் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசைக்குக் காதுகொடுப்பார்கள். செய்தியின் நடுவிற் பையன் களைத்துவிட்டால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்து அடங்கும். "சுற்றடா தம்பி" என்று நான்கு குரல்கள் ஒருங்கே எழும். நான் தங்கியிருந்த வளவிலும் இது நாள்தோறும் நடந்தது. பாடசாலையில் மின்னியல் கற்பிக்க ஒரு மின்கலமும் அகப்படாத அந்நாளில், இந்த வண்டியையே ஆய்வுகூடமாகக் கொண்டு என் மாணவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

டைனமோவின் உடலில் '6 வோல்ற்று, 3 வாற்று' என்று பொறித்திருக்கும். வலு என்பது அழுத்தமும் மின்னோட்டமும் பெருகி வருவது. ஆதலால் 3ஐ 6ஆல் வகுக்க, மின்னோட்டம் அரை அம்பியர். அழுத்தம் 6ஐ இந்த அரையால் வகுக்க, தடை 12 ஓம். வண்டியின் முன்விளக்கு 2.4 வாற்று, பின்விளக்கு 0.6 வாற்று. முன்விளக்கில் 0.4 அம்பியர் பாயும். அதன் தடை 15 ஓம். பின்விளக்கில் 0.1 அம்பியர், தடை 60 ஓம். இரண்டையும் சமாந்தரமாகத் தொடுத்தால் மின்னோட்டங்கள் கூடி அரை அம்பியர் ஆகின்றன; இணைந்த தடை சரியாக 12 ஓம். டைனமோ கேட்ட சுமை அதுவே. எத்தனையோ முறை அந்த விளக்குகளைப் பார்த்திருந்த பிள்ளைகள், அவற்றுள் இப்படியொரு பொருத்தம் இருப்பதைக் கண்டு வியந்தார்கள்.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. முன்விளக்கு எரிந்துபோனால் சற்று நேரத்திற் பின்விளக்கும் எரிந்துபோவதை வண்டியோட்டியவர் யாவரும் அறிவர். ஏன்? இத்தகைய டைனமோ, வேகமாகச் சுழலும்போது, அழுத்தத்தைவிட மின்னோட்டத்தையே ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்க முயலும் இயல்புடையது. 15 ஓம் வழி அடைபட்டதும் எஞ்சியது 60 ஓம் வழி ஒன்றே. தடை கூடிவிட்டமையால் அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி ஏறுகின்றது. தனக்குரிய 0.1 அம்பியரிலும் பன்மடங்கு பாயவே, மெல்லிய இழை அறுந்துவிடுகின்றது. வானொலியைத் தொடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து இருந்தது. ஆகையால் விவரமறிந்தவர்கள் மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் இருவாயிகளோடு ஒரு சிறு மின்குமிழையும் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். மிகுதியை அந்தக் குமிழ் வாங்கிக்கொண்டது.

பின்னாளில் வீடுகளுக்கு மின்சாரம் மீண்டபின், நான் வகுப்பிற் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திடகாத்திரமான ஒருவர் நெடுநேரம் மிதித்துத் தரக்கூடிய வலு ஏறக்குறைய 75 வாற்று. மின்பட்டியலில் ஓரலகு என்பது 1000 வாற்றை ஒரு மணி நேரம் பயன்படுத்துவது. அப்படியாயின் ஓரலகுக்கு அவர் எத்தனை மணி நேரம் மிதிக்க வேண்டும்? 1000ஐ 75ஆல் வகுக்க, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகின்றது. அதுவும் இடையில் எதுவும் வீணாகாவிடில். சூரியன் எழுமுன் ஏறியவர் சூரியன் மறைந்த பின்னரே இறங்கலாம். வண்டி சுற்றி வானொலி கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் இவ்விடையைக் கண்டதும், எவரும் சொல்லாமலே எழுந்து ஆளில்லா அறையின் ஆளியை அணைப்பதை நான் பார்த்திருக்கின்றேன்.

கம்பியின் கடைசி வீடு

இனி, நாம் அன்றாடம் காணும் ஒரு காட்சி. மாலையிற் கேத்தலை மின்னிற் செருகியதும் அறை விளக்குச் சிறிது மங்குகின்றது. தூணுக்கு அருகிலுள்ள வீட்டில் இது தெரிவதில்லை. கம்பியின் கடைசியிலுள்ள வீட்டில் நன்றாகத் தெரிகின்றது. இதனை ஒரு துப்பறியும் கதையைப் போல ஆராயலாம்.

கேத்தலின் அடியில் '230 வோல்ற்று, 2000 வாற்று' என்று எழுதியிருக்கின்றது. 2000ஐ 230ஆல் வகுக்க, மின்னோட்டம் 8.7 அம்பியர்; 230ஐ அந்த 8.7ஆல் வகுக்க, தடை ஏறக்குறைய 26.5 ஓம். கேத்தலைச் செருகுமுன் வீட்டில் அழுத்தம் 225 வோல்ற்று என்றும், செருகியபின் 217 என்றும் மானி காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இப்பொழுது கேத்தலிற் பாய்வது 217ஐ 26.5ஆல் வகுக்க வரும் 8.2 அம்பியர். காணாமற்போன 8 வோல்ற்று எங்கே? வழியிலுள்ள கம்பி எடுத்துக்கொண்டது. அந்த 8ஐ 8.2ஆல் வகுத்தால், வீடு வரையுள்ள கம்பியின் தடை ஏறத்தாழ 1 ஓம். தூணில் ஏறாமலும் கம்பியைத் தொடாமலும் அதன் தடையை அறிந்துவிட்டோம்.

பெருக்கிப் பார்ப்போம். கேத்தல் பெறும் வலு 217ஐ 8.2ஆற் பெருக்க, 1780 வாற்று வரை. கம்பி விழுங்குவது 8ஐ 8.2ஆற் பெருக்க, ஏறக்குறைய 66 வாற்று. அது எவருடைய தேநீரையும் சுடச்செய்யாது. கம்பியைச் சிறிது சூடாக்கி, கடற்காற்றோடு போய்விடும். அயல்வீட்டிலும் ஒரு கேத்தல் ஏறினால், பொதுக் கம்பியில் மின்னோட்டம் இருமடங்காகின்றது. இழப்போ, யூல் சொன்னபடி, நான்மடங்காகி 264 வாற்றை எட்டுகின்றது.

அழுத்தம் குறைவதால் வரும் கேடு எல்லாப் பொருள்களுக்கும் ஒன்றன்று. கேத்தல் பொறுமையுள்ளது. அழுத்தம் 180 வோல்ற்றுக்கு இறங்கினால் அதன் வலு 61 விழுக்காடாகக் குறையும், நீர் கொதிக்கத் தாமதமாகும், வேறு தீங்கில்லை. கிணற்றடியில் ஓடும் மோட்டார் அத்தன்மையதன்று. ஏற்ற வேண்டிய நீரின் சுமை குறையாதிருக்க, தள்ளும் அழுத்தம் மட்டும் குறைந்தால், மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும். சுருளில் வெப்பம் அந்த மின்னோட்டத்தின் இருமடி வீதத்தில் ஏறும். தோட்டக்காரரின் மோட்டார் புகைந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் விதியன்று. ஓமும் யூலும் எழுதிவைத்த விதிகளே.

அப்படியாயின் நெடுந்தொலைவு மின்சாரத்தைக் கொண்டுவருவது எப்படி? 10 ஓம் தடையுள்ள கம்பியில் 100 கிலோவாற்றை 1000 வோல்ற்றில் அனுப்ப முயன்றால், மின்னோட்டம் 100 அம்பியர். 100ஐ 10ஆற் பெருக்க 1000 வோல்ற்று. அழுத்தம் முழுவதும் வழியிலேயே முடிந்துவிடும். மறுகரைக்கு ஒன்றும் வந்து சேராது. அதே 100 கிலோவாற்றை 33,000 வோல்ற்றில் அனுப்பினால், மின்னோட்டம் மூன்று அம்பியர் அளவே. இழப்பு ஏறக்குறைய 92 வாற்று. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலங்கையின் ஊர்களுக்கிடையே 33,000 வோல்ற்றுக் கம்பிகள் செல்வதும், ஊர் எல்லையில் மாற்றி ஒன்று நின்று அதனை வீட்டுக்குரிய 230 வோல்ற்றாக இறக்குவதும் இக்காரணம் பற்றியே. தெருவோரத்துத் தூணில் உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி, ஒரு பெருக்கற் கணக்கின் விடை.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகளும் கூறவேண்டும். இழை மின்குமிழின் தடை ஒரு நிலையான எண்ணன்று. 60 வாற்றுக் குமிழ் எரியும்போது அதன் தடை 880 ஓம் வரை. அணைந்து குளிர்ந்திருக்கையில் அளந்தால் அதிற் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். வெப்பநிலை மாறாதிருக்கும்போதே ஓமின் விதி நேராகப் பொருந்தும். அன்றியும், மோட்டார் போன்றவற்றில் ஆடலோட்டம் பாயும்போது, அழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆதலால் 230 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும் மோட்டாரின் வலு 1150 வாற்று அன்று. அதன் வலுக்காரணி 0.8 எனில், உண்மையான வலு 920 வாற்றே.

கம்பி எட்டாத தீவுகள்

புளியங்கூடல் அமைந்துள்ள தீவுக்குப் பண்ணைத் தாம்போதி உண்டு. கம்பியும் அதன் வழியே வந்துசேர்ந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் நிலை வேறு. படகேறியே செல்லவேண்டிய இத்தீவுகள் நாட்டின் பொது மின்வலையோடு இணைக்கப்படாதவை. நெடுங்காலமாக அவற்றுக்கு ஒளி தந்தவை டீசல் இயந்திரங்கள். டீசலும் படகிலேதான் போகவேண்டும். எனவே அங்கே வீணாகும் ஒவ்வொரு வாற்றும் கடல் கடந்து சுமந்துவந்த எண்ணெய்.

இம்மூன்று தீவுகளுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின்னமைப்பை இந்திய நன்கொடையுடன் நிறுவுவதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. திட்டத்தின்படி, சூரியவொளியிலிருந்து 1700 கிலோவாற்று, காற்றிலிருந்து 530 கிலோவாற்று, சேமிப்பதற்கு 2400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்கள், துணைக்கு 2500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள். செய்தியை வாசித்தவர்கள் இவ்வெண்களைக் கூட்டிப் பார்த்திருக்கக்கூடும். கூட்டுதல் பொருந்தாது. கிலோவாற்று என்பது வேலை நடக்கும் விரைவு. கிலோவாற்று மணி என்பது நடந்து முடிந்த வேலை. முன்னது வாய்க்காலிற் பாயும் நீர். பின்னது தொட்டியில் நிற்கும் நீர். அந்த மின்கலங்களிலிருந்து 200 கிலோவாற்று வீதம் எடுத்தால் 12 மணி நேரம் நிற்கும். 600 வீதம் எடுத்தால் 4 மணி நேரத்தில் வற்றிவிடும். இந்தப் பகுப்பை அறிந்த தீவார், பகலில் வெயில் இருக்கும்போதே நீர் இறைத்து, இரவுக்கு மின்கலத்தை மிச்சம் பிடிப்பார்கள். பெரிய பொறிகளை வெளியார் நிறுவித் தரலாம். இந்தக் கணக்கை ஊரார் தாமே போடவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மின்னியலை முக்கோணத்தில் அடைத்துவிட வேண்டாம் என்பதே ஆசிரிய நண்பர்களிடம் நான் வைக்கும் விண்ணப்பம். ஒரு மலிவான பன்மானி, இரண்டு உலர்மின்கலங்கள், ஒரு மீற்றர் நிக்குரோம் கம்பி இவை போதும். வீட்டு மின்சாரத்திற் பிள்ளைகளைக் கைவைக்க விடுதல் ஆகாது. மூன்று வோல்ற்றில் எந்த ஆபத்தும் இல்லை. கம்பியை முழு நீளத்தில் தொடுத்தால் 2.8 வோல்ற்றும் 0.32 அம்பியரும் கிடைக்கின்றன என்று கொள்வோம். வகுத்தால் 8.75 ஓம், பெருக்கினால் 0.9 வாற்று. பாதி நீளத்தில் 2.6 வோல்ற்றும் 0.60 அம்பியரும் எனில், 4.3 ஓம், 1.56 வாற்று. நீளம் பாதியாகத் தடை பாதியாயிற்று, வலுவோ ஏறிற்று. கம்பி முன்னிலும் சுடுவதைப் பிள்ளை விரலால் தொட்டு அறிவாள்.

அத்துடன் நிறுத்தாமல், "2.8 ஏன் 2.6 ஆயிற்று?" என்று அவளையே கேட்கவேண்டும். மின்கலத்தினுள்ளும் ஒரு தடை உண்டு. மின்னோட்டம் கூடும்போது அது தன் பங்கை எடுத்துக்கொள்கின்றது. கேத்தல் ஏறியதும் கடைசி வீட்டு விளக்கு மங்கியது இதே காரணத்தால் அன்றோ? கொலோன் ஆசிரியரை மின்கலத்தை விட்டுக் கொதிநீருக்கும் பனிக்கட்டிக்கும் துரத்திய இடருள்ளும் இதற்குப் பங்குண்டு. ஒரு சிறுமி சின்னஞ்சிறு மேசையில் இரண்டு எண்களை எழுதி, ஒருமுறை வகுத்து, ஒருமுறை பெருக்கினால், ஓம் நின்ற இடத்திலே தானும் நிற்கின்றாள்.

எங்கள் தீவுகளிலிருந்து பிள்ளைகள் பெருந்தொகையாக வெளியேறிவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்கள் பயிலும் பாடசாலைகளிற் சிலவற்றில் ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையினரே இருக்கின்றனர். அதனைக் குறையாகக் கொள்ளாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மானியைக் கையிற் கொடுக்கலாம் அல்லவா? நகரத்துப் பெரிய வகுப்பறைகளில் நாற்பது பேர் எட்டிப் பார்க்கும் முள்ளை, இங்கே ஒருத்தி தனியே பார்த்துத் தானே எழுதிக்கொள்ள முடியும். வருகின்ற தவணையில் மின்னியல் அலகைத் தொடங்கும் ஆசிரியர்கள், கரும்பலகையில் முக்கோணம் வரையுமுன் அந்த ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவார்களாக.